சொரிமுத்து அண்ணாச்சி இருக்கும் திசை

மாடக்கண்ணுவின் இடது கால் போன லாரி விபத்துக்கு ஒன்பது வருஷம் வழக்கு நடந்து, வாய்தா மேல் வாய்தா வாங்கி, மூன்று வக்கீல்கள் மாறி, கடைசியில் ஒருவழியாக வந்து சேர்ந்த நஷ்டஈட்டுப் பணத்தில்தான் அவர் மனைவி சங்கரவடிவு வன்னிக்குளத்தில் அந்த வீட்டை வாங்கினாள். அதுவரை குடியிருந்த வாடகை வீடு மாடியில் இருந்தது. பதினேழு படி. மாடக்கண்ணுவைக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும், மேலே ஏற்ற மூன்று ஆள் வேண்டும். ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெட்கப்பட்டுப் போய், ஓட்டுப் போடவும் சாவு வீட்டுக்கும் தவிர அவர் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். ஆகவே வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் சங்கரவடிவு சமையலறை எங்கே என்று கேட்கவில்லை, தண்ணீர் உப்பா என்று கேட்கவில்லை, படி எத்தனை என்றுதான் கேட்டாள். இந்த வீட்டுக்குப் படி இரண்டே இரண்டு. கிழக்குப் பார்த்த வாசல், வாசலை ஒட்டித் தெரு. பார்த்த அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

விற்றவர் ராஜாமணி என்று ஒருவர். திருப்பூருக்குப் போய்ப் பிழைக்க வேண்டும் என்று அவருக்கு அவசரம். இவளுக்கும் அவசரம், ஏனென்றால் மறுநாள் ஆடி பிறக்கிறது, ஆடியில் யாராவது வீடு வாங்குவார்களா? எதற்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்றார் பத்திரம் எழுதுகிறவர். பதிவு ஆபீசில் போய்க் கேட்டால் வில்லங்கம் பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்கு ஆடி. வாஸ்து பார்த்தாயிற்று, மனையடி பார்த்தாயிற்று, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் நட்சத்திரத்துக்கும் ஒத்து வருகிறதா என்றுகூடப் பார்த்தாயிற்று, பாக்கி இந்த வில்லங்கம் ஒன்றுதானே, அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று சங்கரவடிவு கையெழுத்துப் போட்டாள். அது எங்கேயும் ஓடவில்லைதான்.

ஆடி முழுக்க வீடு ஒழுங்காகத்தான் நின்றது. கொத்தனாரை வைத்து வாசலின் இரண்டு படிகளையும் உடைத்து, தெருவரைக்கும் சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டார்கள். சக்கர நாற்காலி வழுக்காமல் இருக்க அதில் கம்பியால் குறுக்குக் கோடுகள்கூடக் கீறினார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, பெண்கள் குலவையிட்டார்கள், அந்தக் குலவை அடங்குவதற்குள் வீடு மெதுவாக, ஆட்டுரலில் குழவி சுற்றுகிற மாதிரி ஒரு சின்ன அரைபடும் ஓசையோடு, கிழக்கிலிருந்து திரும்பி வடக்குப் பார்த்து நின்றது. சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றவர் ஒரு கணம் தயங்கிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். சாய்தளம் அதன் இடத்திலேயே, ஒரு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. வாசலுக்கு முன்னால் இப்போது சாக்கடை ஓடை ஓடியது, ஓடையின் அந்தக் கரையில் வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு சொரிமுத்து அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

வன்னிக்குளத்தில் சொரிமுத்து அண்ணாச்சியிடம் வட்டிக்கு வாங்காதவர்கள் என்று பார்த்தால் போஸ்ட்மேனும் கோயில் காளையும்தான். அவர் ஓடையைத் தாண்டி வந்து, கை கழுவி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“ராஜாமணி இந்த வீட்டை எங்கிட்ட அடமானம் வச்சு ஆறு வருசமாச்சு தங்கச்சி. பதிஞ்ச பத்திரம். ஆளு மாறுனா என்ன, கடன் சுவத்துமேலயில்ல நிக்கி. பாத்தியா, வீடு ஆளை அடையாளம் வச்சிருக்கு.”

ராஜாமணிக்குப் போன் போட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

அன்றிலிருந்து அந்த வீட்டு வாசல் சொரிமுத்து அண்ணாச்சி இருக்கிற திசையைப் பார்த்து நின்றது. அவர் வடக்கே தன் வீட்டில் இருந்தால் வடக்கு, மேற்கே தாலுகா ஆபீஸ் பக்கம் போனால் மேற்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் என்ன ஜோலியோ தெற்கே அரிசி ஆலைத் தெருவுக்குப் போனால் தெற்கு, அவர் மதுரைக்குப் போயிருந்த இரண்டு நாளும் வாசல் மதுரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. வடக்கே சாக்கடை, தெற்கே சீமைக்கருவேல முள், மேற்கே பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர், இடையில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. சங்கரவடிவு பலகை போட்டு ஓடையைத் தாண்டினாள், முள்ளை வெட்டி ஒற்றையடிப் பாதை போட்டாள், சந்தில் ஒருக்களித்து நுழைந்து நுழைந்து சேலையெல்லாம் சுண்ணாம்பாக்கிக்கொண்டாள், சத்துணவுக் கூடத்துக்குச் சமைக்கத் தினமும் நேரம் கழித்துப் போய் ஹெட்மாஸ்டரிடம் ஏச்சு வாங்கினாள். வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தால், கோலம் ஜன்னலுக்குக் கீழே கிடக்கும். பிறகு நாலு பக்கமும் போட ஆரம்பித்தாள். பிறகு எரிச்சலில் எந்தப் பக்கமும் போடுவதில்லை.

ஊரார் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. மின்வாரியத்து லைன்மேன் வந்து பார்த்தார், இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று சர்வீஸ் வயரை நீளமாக விட்டுச் சுருட்டி வைத்தார். தண்ணீர்க் குழாயை வளைகிற ரப்பர் குழாயாக மாற்றினார்கள். போஸ்ட்மேன் தெருமுனையிலேயே நின்று இன்றைக்கு வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். வீட்டுவரி போட வந்த நகராட்சிக்காரர், வாசல் இருக்கும் திசை என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அளவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

எதிர்முனையில் டீக்கடை வைத்திருந்த கனகவேல்தான் முதலில் அதன் பிரயோஜனத்தைக் கண்டுபிடித்தார். ஒருநாள் வீடு அரைபட்டுத் திரும்பி டீக்கடையைப் பார்த்து நின்றதும், அவர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவினார். இரண்டே நிமிஷத்தில் அண்ணாச்சியின் வண்டி வந்து நின்றது. அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சுகளெல்லாம் வீட்டைப் பார்த்துப் போடப்பட்டன. “வீடு இப்போது” என்று போனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள், அதில் நூற்றுப் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள், வடக்கு, வடகிழக்கு, ஏ தெற்கு தெற்கு என்று நாள் முழுக்கச் செய்தி வந்து விழுந்தது. தெற்கு என்று வந்தால் அரிசி ஆலைத் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன, மேற்கு என்று வந்தால் தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். கல்யாண நாள் குறிப்பவர்கள்கூட, அன்றைக்கு அண்ணாச்சி வெளியூரா என்று வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தார்கள். தம்மைக் கண்டதும் வீடு திரும்புவதை ஊரே நின்று பார்க்கிறது என்று அண்ணாச்சிக்கு மட்டும் பெருமையான பெருமை.

வீட்டுக்குள்ளே மாடக்கண்ணு சக்கர நாற்காலியில், வாசலுக்கு உள்பக்கம், உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி கிழக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற நேரங்களில் வாசல் சரியாகச் சாய்தளத்தோடு வந்து பொருந்தும். ஆனால் அண்ணாச்சி ஓரிடத்தில் நிற்கிற ஆளா? இரண்டு தடவை முன்சக்கரம் நிலையைத் தாண்டி வெளியே வந்த நேரத்தில் வீடு நகர்ந்து, சங்கரவடிவு அலறிக்கொண்டு நாற்காலியை உள்ளே இழுத்தாள். மூன்றாவது தடவை அவரே வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

“மாடியில இருந்தப்பப் படியாவது அந்த இடத்துலயே நின்னுச்சு வடிவு,” என்றார்.

அவளுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஒரு காலைக் கொடுத்து வாங்கின வீட்டில், இருக்கிற இன்னொரு காலையும் கட்டிப்போட்டு உட்கார வைத்துவிட்டோமே என்று பாத்திரத்தைத் தேய்க்கிற தேய்ப்பில் எவர்சில்வரே இளைத்தது.

சம்பளத்தில் மாசாமாசம் அண்ணாச்சிக்கு வட்டியை மட்டும் கட்டி வந்தவளுக்கு வைகாசியில் வேலை ஓய்வு வந்தது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கியதற்கு அரசாங்கம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தது. அது அண்ணாச்சியின் அசலுக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. காதுத் தோட்டையும் விற்றுக் குறைந்ததைப் போட்டு, மஞ்சள் பையில் கட்டி வைத்தாள். ஒரே வீட்டை இரண்டு தடவை வாங்குகிற முதல் முட்டாள் நான்தான், வாங்கித் தொலைக்கிறேன், உள்ளே கிடக்கிற அந்த மனுஷன் தெருவில் இறங்கட்டும் என்று நினைத்தாள்.

செய்தி எப்படியோ பரவி, மறுநாள் காலையிலேயே கனகவேல் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பலகை வழியாக வந்தார்.

“அக்கா, அசலைக் கட்டப் போறீகளாமே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“கட்டாதீக. வட்டியை நாங்க கட்டிருதோம். தெருவுக்கு இவ்வளவுன்னு வரி போட்டாச்சு, கோயில் கொடைக்குப் போடுத மாதிரி. மாசாமாசம் பைசா பாக்கியில்லாமக் கட்டிருதோம். அசல் மட்டும் அப்படியே கிடக்கட்டும்.”

சங்கரவடிவு மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“உங்க சொந்த வட்டியைக் கட்ட ஓடி ஒளியுதீக. என் வட்டியைக் கட்ட வரி போட்டு வாரீகளோ?”

“எங்க வட்டி கட்டி முடியாதுக்கா. இது முடியும். இது இருக்கப்போயித்தான் நாங்க நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கோம்.”

“உள்ள ஒரு மனுசன் பத்து மாசமா வாசல்ல உக்காந்துருக்காகளே, அவுக திங்கது சோறாத் தெரியலையா? போங்கய்யா! எல்லாரும் எந்திரிச்சுப் போங்க!”

போனார்கள், ஆனால் விடவில்லை. அடமானத்தை ரத்து செய்ய, அண்ணாச்சி வந்து பணம் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், கூடவே இரண்டு சாட்சி வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்லியிருந்தார். சங்கரவடிவு தெருத்தெருவாகச் சாட்சி கேட்டுப் போனாள். ஒருத்தருக்குக் கண் தெரியவில்லை, ஒருத்தருக்கு ஆதார் அட்டையை எலி கடித்துவிட்டது, ஒருத்தர் கொழுந்தியாளுக்கு அன்றைக்குத்தான் வளைகாப்பு. பதிவு ஆபீஸ் வாசலில் டீக்கும் பத்து ரூபாய்க்கும் யாருக்கு வேண்டுமானாலும் சாட்சி போடுகிற ஆட்கள்கூட, இவள் தலையைக் கண்டதும் வேப்பமரத்துக்குப் பின்னால் போனார்கள். அவர்களும் குழுவில் இருந்தார்கள்.

அண்ணாச்சியோ இன்னும் ஒருபடி மேலே போனார். வீடே திரும்பிப் பார்க்கிற ஆள் என்ற பேரை யார்தான் விடுவார்கள்? வட்டி வந்துகொண்டிருக்கும்போது அசலுக்கு என்ன அவசரம் தங்கச்சி என்றார், பிறகு பார்க்கலாம் என்றார், பிறகு இவள் வருவதைக் கண்டாலே வண்டியைக் கிளப்பினார். ஆனால் அவர் எங்கே போனாலும் இவளுக்குத் தெரியுமே! காலையில் வாசலில் நின்று, கையை நேரே நீட்டி, அந்தக் கை காட்டிய வாக்கில் மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள். அவர் வண்டியில் ஓடி வேறு திசைக்குப் போவார், இவள் திரும்பி வந்து வாசலைப் பார்த்துவிட்டு அந்தத் திசைக்கு நடப்பாள். கடன் கொடுத்தவர் முன்னால் ஓட, கடன்காரி பணத்தோடு பின்னால் துரத்துவதை வன்னிக்குளம் பதினேழு நாள் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தது. கால் வெடித்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் செருப்பைக் கழற்றி வீட்டுச் சுவரை நாலு சாத்துச் சாத்தினாள். வீடு அசையவில்லை, ஏனென்றால் அண்ணாச்சி அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

பதினெட்டாவது நாள் ஓடைப் பலகை வழியாக ஒரு அம்மாள் வந்தாள். அண்ணாச்சியின் மனைவி பிரமாச்சி.

“மதினி, வாங்க,” என்று சங்கரவடிவு எழுந்து நின்றாள்.

“வடிவு, உன் வீடு பத்து மாசமா எங்க வீட்டையே முறைச்சுக்கிட்டு நிக்கி. எனக்கு அது பழகிப்போச்சு. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது தெற்க பாத்து நிக்குமே, அது ஏன்னு ஒருநாள் நேரே நடந்து போய்ப் பாத்துட்டு வந்தேன். அரிசி ஆலைத் தெருவுல நாலாவது வீடு.” அவள் சாவகாசமாக உட்கார்ந்தாள். “எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுருச்சு தாயி. இனிமே உன் வீடு எனக்கும் வேண்டாம். நாளைக்கு இவுகளக் கையெழுத்துப் போட நான் கூட்டிட்டு வாரேன். மாட்டேன்னா எங்க அண்ணன்மாரு அஞ்சு பேரும் வருவாகன்னு சொல்லியாச்சு. சாட்சி இருக்கா?”

“ஒருத்தரும் வர மாட்டேங்காக மதினி.”

“ஒண்ணு நான். இன்னொண்ணு உன் வீட்டுக்காரரு.”

“அவுக எப்படி வெளிய வருவாக? அண்ணாச்சி நிக்கிற பக்கமெல்லாம்ல வாசல் போவுது. பதிவு ஆபீசு மேற்க இருக்கு. அண்ணாச்சி அங்க போனா வாசல் சந்துக்குள்ள போயிரும்.”

பிரமாச்சி விரலால் தரையில் கிழக்கே ஒரு கோடு இழுத்தாள்.

“அப்பம் முதல்ல கிழக்க நிக்கணும். பஸ் ஸ்டாண்டுல ஒரு சர்பத் கடை இருக்குல்லா? அரைமணி நேரம் அங்கன நிப்பாட்டி வைக்கேன்.”

மறுநாள் பத்து மணிக்கு, முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, பிரமாச்சி தன் புருஷனிடம் எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தாங்க என்று கேட்டாள். அவர் வாங்கித் தந்தார். அதை அவள் குடித்த மாதிரி உலகத்தில் யாரும் சர்பத் குடித்ததில்லை, ஒரு மடக்கு, பிறகு புடவை விலை, ஒரு மடக்கு, பிறகு தன் தம்பி மகள் ஜாதகம், பனிக்கட்டி கரைந்து தண்ணீராகி அந்தத் தண்ணீரும் சூடாகிற வரைக்கும் குடித்தாள். அண்ணாச்சி அசைய முடியாமல் நின்றார். இங்கே வாசல் வந்து சாய்தளத்தோடு நெற்றிப்பொட்டு வைத்தாற்போல் பொருந்தியது. மாடக்கண்ணு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், சங்கரவடிவு பிடிக்க வந்தபோது “விடு, விடு,” என்றார், கம்பியால் கீறிய கோடுகளில் தடதடவென்று இறங்கித் தெருவில் வந்து நின்றார். மாடக்கண்ணு தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார், சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் திரும்பினார்.

பதிவு ஆபீசில் எல்லாம் நடந்தது. அண்ணாச்சி கட்டு கட்டாக எண்ணி வாங்கினார், கையெழுத்துப் போட்டார், பெருவிரலை அழுத்தினார். முதல் சாட்சி பிரமாச்சி, இரண்டாம் சாட்சி மாடக்கண்ணு. அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்தினார், கடன் தீர்ந்தது. வெளியே வந்த அண்ணாச்சி ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார், ஏதோ ஒன்று தம்மைப் பார்ப்பதை நிறுத்திவிட்ட மாதிரி அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது.

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததும் சங்கரவடிவு தலையை வெளியே நீட்டினாள். நீட்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாய்தளத்துக்கு நேரே சமையலறையின் பின்சுவர் நின்றது. கடன் தீர்ந்த நொடியில் அண்ணாச்சி எங்கே இருந்தார்? மேற்கே, பதிவு ஆபீசில் இருந்தார். வீடு அவரைப் பார்த்து மேற்கே நின்றது, கடன் தீர்ந்தது, அதோடு அது திரும்புவதும் நின்றுபோயிற்று. கடன் போனால் வீடு தானாகக் கிழக்குக்கு வந்துவிடும் என்று ஊரில் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்களே தவிர, வீட்டுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசல் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரை முட்டிக்கொண்டு, ஒருக்களித்து நுழைகிற சந்துக்குள், இனி அசைய ஒரு காரணமும் இல்லாமல், நிம்மதியாக நின்றது.

“ஏ நாசமாப்போன வீடே!” என்று சங்கரவடிவு தெருவில் இறங்கிக் கத்தினாள். “இன்னும் எத்தனை தடவை உன்னை வாங்கணும்? ஒரு காலைத் தின்ன, என் முப்பது வருசத்தைத் தின்ன, இன்னும் என்ன வேணும் உனக்கு?” ஆத்திரத்தில் அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

மாடக்கண்ணு ஆட்டோவை விட்டு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து, அதை உருட்டிக்கொண்டு போய்ச் சாய்தளத்தில் ஏறி, அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். கையால் தட்டிப் பார்த்தார்.

“செங்கல்தான். ஒத்தைக்கல் சுவரு. இடி.”

“இடிக்கவா?”

“நேத்து வரைக்கும் எந்தச் சுவத்துல வாசல் வச்சாலும் அடுத்த மணி நேரம் அது வேற பக்கம் போயிருக்கும். இனிமே இது நகராதுல்லா. இங்கன வாசல் வச்சுக்கிடுவோம்.”

“சமையல்கட்டுங்க. அடுப்பு இருக்கு.”

“அடுப்பைத் தூக்கி அங்கிட்டு வையி. நம்ம வீடுதான வடிவு? யார்ட்டக் கேக்கணும்?”

அவள் வெறும் மஞ்சள் பையை மடித்து அவர் மடியில் போட்டாள். பிறகு எதிரே கட்டிட வேலை நடக்கிற இடத்துக்குப் போய், யாரிடமும் கேட்காமல் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். முதல் குத்தில் சிமெண்டுப் பூச்சு உதிர்ந்தது, மூன்றாவது குத்தில் ஒரு கல் உள்ளே போய்ப் பாத்திரங்களின்மேல் விழுந்து உருண்டது. தெரு கூடி நின்றது, கோபத்தில் ஒருவரும் கை கொடுக்க வரவில்லை. ஓட்டை ஒரு பானை அளவு ஆனபோது, கனகவேல் கையில் போனோடு, முகமெல்லாம் வேர்த்து, ஓடி வந்தார்.

“அக்கா, அக்கா, குழுவுல கேக்காக. இன்னைக்கு வசூல் நாளு. அண்ணாச்சி இப்ப எந்தப் பக்கம் போயிருக்காக?”

சங்கரவடிவு கடப்பாரையை ஊன்றிக்கொண்டு திரும்பினாள். பத்து மாதமாக, கண் விழித்த நொடியிலிருந்து படுக்கிற வரைக்கும், அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, குளிக்கும்போது தெரிந்தது, சோற்றை வடிக்கும்போது தெரிந்தது, தூக்கத்தில்கூடத் தெரிந்தது. இப்போது அவள் வடக்கே பார்த்தாள், தெற்கே பார்த்தாள்.

“தெரியாது,” என்றாள்.

கனகவேல் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது கனகவேலு,” என்று அவர் கேட்காமலே இன்னொரு தடவையும் சொல்லிவிட்டு, சங்கரவடிவு கடப்பாரையை ஓங்கினாள்.